மூலக்கூறு எங்கே போனது? காந்த மணிப் பிரித்தெடுப்பில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பிளாஸ்மா, சீரம், சிறுநீர், உமிழ்நீர் ஆகியவற்றிலிருந்து மருந்தையோ ஹார்மோனையோ காந்த மணிகளால் (காந்தம் ஈர்க்கும் நுண்துகள்களால்) பிரித்தெடுக்கும் முறையைத் தாளில் எழுதினால் நான்கு வரிதான். மணிகளை மாதிரியில் இட்டுக் கலக்குகிறோம்; தேடும் மூலக்கூறு மணியின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. குழாயைக் காந்தத்தில் வைத்துத் திரவத்தை உறிஞ்சி எடுக்கிறோம். மணிகளைக் கழுவுகிறோம். கடைசியில் வேறொரு கரைப்பானை ஊற்றி மூலக்கூறை விடுவித்து, கலவையைப் பிரித்து மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் கருவிக்கு அனுப்புகிறோம். 1999இல் செக் ஆய்வாளர்கள் மிர்கா ஷஃபாரிகோவாவும் இவோ ஷஃபாரிக்கும் இதற்குக் 'காந்தத் திண்மநிலைப் பிரித்தெடுப்பு' என்று பெயர் சூட்டியபோது, அவர்கள் கையிலிருந்தது சாயம் கலந்த நீர். இரத்தத்திற்கு அந்த எளிமை கிடையாது. புரதம், கொழுப்பு, உப்பு, நொதி எல்லாம் அதே மணிக்காகப் போட்டியிடுகின்றன.

முறை சொதப்பியதும் பெரும்பாலோர் முதலில் செய்வது வேறு மணி வாங்குவது. அல்லது விடுவிப்புக் கரைப்பானை மாற்றுவது. நானும் பல வாரங்களை அப்படிச் செலவழித்திருக்கிறேன். இப்போது நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்றுதான்: எதையும் மாற்றுவதற்கு முன் மூலக்கூறு எங்கே போனது என்று கண்டுபிடியுங்கள். அது மாயமாகாது. எந்தத் திரவத்திலாவது, எந்தச் சுவரிலாவது இருக்கும்; இல்லையென்றால் சிதைந்து வேறொன்றாகியிருக்கும்.

முதலில் ஐந்தொகை

கடைக்காரர் ஆண்டு முடிவில் ஐந்தொகை போடுவதைப் போல, பிரச்சினை வந்த அன்று ஒரு முறையாவது எந்தத் திரவத்தையும் கொட்டாமல் சேமியுங்கள். பிணைப்புக்குப் பின் எஞ்சிய மாதிரி ஒரு குழாயில். கழுவிய நீர் அடுத்ததில். விடுவித்த திரவம் மூன்றாவதில். அதே மணிகளில் இன்னும் வலுவான கரைப்பானை ஊற்றி இரண்டாம் முறை விடுவித்தது நான்காவதில். மணிகளை அகற்றிய வெற்றுக் குழாயின் உட்சுவரை மெத்தனாலால் அலசி எடுத்தது ஐந்தாவதில். ஐந்தையும் அளந்து கூட்டுங்கள். போட்ட அளவு திரும்ப வந்தால் எங்கே தங்கியது என்பது தெரிந்துவிடும். வராவிட்டால், இழப்பு சிதைவிலோ ஆவியாக்கலிலோ இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. பிணைப்புக்குப் பின் எஞ்சிய பிளாஸ்மாவும் தூய மெத்தனாலும் கருவிக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கருவி மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்துத்தான் அளக்கிறது; பிளாஸ்மாவின் பிற பொருள்கள் இந்த அயனியாக்கத்தை அமுக்கிவிடும். அதனால் அங்கே தங்கிய மருந்து இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு திரவத்தையும், மருந்தில்லாத மாதிரியில் அதே படியில் பெற்ற திரவத்தோடு தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, அதனுடன்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து மூன்று தொகுதிகள். 2003இல் மட்டுஷெவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஒப்பீடு இது. இன்றும் இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியாது. முதல் தொகுதி, தூய கரைப்பானில் மருந்து. இரண்டாவது, மருந்தில்லாத பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து முடித்த பிறகு மருந்து சேர்த்தது. மூன்றாவது, பிரித்தெடுப்பதற்கு முன்பே மருந்து சேர்த்தது. கருவியின் வரைபடத்தில் முதலாவது 1,00,000 அலகு சிகரப் பரப்பும், இரண்டாவது 60,000மும், மூன்றாவது 48,000மும் தருவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவதை நேராக முதலாவதோடு ஒப்பிட்டால் 48 விழுக்காடு. பாதிக்கு மேல் தொலைந்தது என்று மனம் பதறும். மூன்றாவதை இரண்டாவதோடு ஒப்பிட்டால் மீட்பு 80 விழுக்காடு. மணிகள் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கின்றன. பறிபோனது கருவியின் அயனியாக்கத்தில், அதுவும் 40 விழுக்காடு. இந்தக் கணக்கைப் போடாதவர் நல்ல மணியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு மணி தேடுவார்.

இவ்விரண்டையும் செய்த பிறகு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி: மருந்து மணியில் ஒட்டவே இல்லை, எஞ்சிய மாதிரியிலேயே கிடக்கிறது

அடிக்கடி காண்பது இதுதான். காரணங்களும் இங்கேதான் அதிகம்.

முதலில் அதே அளவு மருந்தை பிளாஸ்மா இல்லாத வெறும் தாங்கல் கரைசலில் (அமில-கார அளவு மாறாமல் காக்கும் கரைசலில்) இட்டுப் பாருங்கள். அங்கேயும் ஒட்டவில்லை என்றால் குற்றம் வேதியியலில் இருக்கிறது, இரத்தத்தில் இல்லை. அப்போது பார்க்க வேண்டியது பி.எச். மதிப்பு, அதாவது அமில-கார அளவு. ஒரு மூலக்கூறு பாதி மின்னேற்றத்தோடும் பாதி அது இல்லாமலும் இருக்கும் பி.எச். தான் அதன் பி.கே.ஏ. மதிப்பு; அதிலிருந்து இரண்டு அலகு விலகினால் மூலக்கூறு 99 விழுக்காடு ஒரே வடிவில் இருக்கும். பி.கே.ஏ. 9 உள்ள காரத்தை எதிர்மின் ஏற்றமுள்ள மணியில் பிடிக்க வேண்டுமானால் மாதிரியின் பி.எச். 7 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பி.கே.ஏ. 4 உள்ள அமிலத்தைச் சி18 (18 கார்பன் சங்கிலி) போன்ற நீர்வெறுப்பு மேற்பரப்பில் பிடிக்க, பி.எச். 2க்கு இறக்க வேண்டும். மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு அந்த மேற்பரப்பை விட நீரையே விரும்பும். பலர் மருந்தின் பி.கே.ஏ. மதிப்பைச் சரியாகப் பார்த்துவிட்டு மணியின் பி.கே.ஏ. மதிப்பை மறந்துவிடுகிறார்கள். கார்பாக்சில் குழுக்கள் உள்ள மணி பி.எச். 5ஐ ஒட்டித்தான் ஏற்றம் பெறத் தொடங்கும். அதை பி.எச். 3இல் பயன்படுத்தினால் ஏற்றமில்லாத மணியிடம் ஏற்றமுள்ள மருந்தை நீட்டுகிறீர்கள். சல்போனிக் குழுவுள்ள மணிக்கு இந்தக் கவலை இல்லை.

பி.எச். அளவைத் தாங்கல் புட்டியில் அளந்ததோடு விட்டுவிடாதீர்கள். பிளாஸ்மாவுக்குச் சொந்தமாகத் தாங்கும் திறன் உண்டு, சிறுநீரின் பி.எச். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை 4.5 முதல் 8 வரை மாறும். கலந்த பிறகு கலவையில் ஒரு துளி எடுத்துத் தாளில் தொட்டுப் பாருங்கள். சிறுநீரில் உப்பும் மிகுதி. மணியின் மின்னேற்ற இடங்களை சோடியமும் பொட்டாசியமும் நிறைத்துவிட்டால் மருந்துக்கு இடமிராது. இரண்டு மூன்று மடங்கு நீரூற்றி நீர்க்கச் செய்வதே எளிய தீர்வு.

இன்னொரு காரணம் கண்ணில் படாமல் போகும். மாதிரியில் ஏற்கெனவே கரிமக் கரைப்பான் கலந்திருக்கலாம். புரதத்தைத் திரித்து நீக்க அசிட்டோநைட்ரைல் சேர்த்திருந்தால், அந்தத் திரவத்தை அப்படியே சி18 மணியில் ஊற்றினால் எதுவும் ஒட்டாது. கரைப்பானின் பங்கு 5 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை நீர்க்க வேண்டும். நீர்வெறுப்பு மணிகளை முதலில் மெத்தனாலில் நனைக்காமல் நேராக மாதிரியில் இட்டாலும் மேற்பரப்பு நனையாமலே இருந்துவிடும்; நனைத்த பிறகு நீரில் அலசவும் வேண்டும்.

தாங்கல் கரைசலில் நன்றாக ஒட்டி, பிளாஸ்மாவில் மட்டும் ஒட்டவில்லை என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, மருந்தைப் புரதம் பிடித்து வைத்திருக்கிறது. வார்ஃபரின் ஏறத்தாழ 99 விழுக்காடும், டைகுளோஃபெனாக் 99 விழுக்காட்டுக்கு மேலும் பிளாஸ்மாப் புரதத்துடன், குறிப்பாக ஆல்புமினுடன், பிணைந்தே உலவுகின்றன. மற்றொன்று, மாதிரியின் பிற பொருள்கள் மணியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இரண்டையும் பிரித்தறிய நான்கு குழாய் போதும்: மணி ஒரு பங்கு, மணி இரு பங்கு; அவை ஒவ்வொன்றிலும் அமிலம் சேர்த்தது, சேர்க்காதது. அமிலம் என்று நான் சொல்வது, பிளாஸ்மாவுக்குச் சம அளவு 4 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலக் கரைசல். இது பல மருந்துகளைப் புரதத்தின் பிடியிலிருந்து விடுவிக்கும். அமிலம் மட்டுமே மீட்பைத் தூக்கினால் குற்றவாளி புரதம். மணியை இரட்டிப்பாக்கியது மட்டுமே தூக்கினால் இடப்பற்றாக்குறை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தூக்கினால் இரண்டுமே. தனித்தனியாக ஒவ்வொன்றாய் மாற்றிப் பார்ப்பதைவிட இந்த நான்கு குழாய் ஒரு பிற்பகலில் அதிகம் சொல்லும். அமிலத்தில் சிதையும் மருந்துக்கு இந்த வழி கூடாது. அதற்கு நீர்த்தலும், சிறிதளவு கரிமக் கரைப்பானும்தான்.

நேரமும் கலக்கலும் கடைசியாக. மணி அடியில் படிந்து கிடந்தால், மருந்து பரவல் வழியாக மட்டுமே வந்து சேர வேண்டும். அது மிக மெதுவான பயணம். 2, 5, 10, 20 நிமிடங்களில் எஞ்சிய திரவத்தை அளந்து, எந்த இடத்தில் மீட்பு தட்டையாகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தை விடச் சற்று அதிகமாக வையுங்கள்.

அறிகுறி: கழுவிய நீரில் மருந்து வருகிறது

கழுவும் கரைப்பான் வலுவாக இருக்கிறது. மெத்தனாலை 0, 5, 10, 20, 30 விழுக்காடு என ஏற்றிக் கழுவி, எந்தப் படியில் மருந்து கசியத் தொடங்குகிறது என்று பார்த்து அதற்கு ஒரு படி கீழே நில்லுங்கள். மின்னேற்ற மணியானால் கழுவும் நீரின் பி.எச். மதிப்பும் பிணைப்பின்போது இருந்த பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அறிகுறி: மருந்து மணியை விட்டு இறங்க மறுக்கிறது

நான்காவது குழாயில், அதாவது இரண்டாம் முறை விடுவித்ததில், மருந்து நிறைய இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு.

பெரும்பாலும் கரைப்பானைக் குறை சொல்வோம். உண்மையில் குறை மணிகளுக்கிடையே தங்கிய நீரில் இருக்கும். கழுவி முடித்து உறிஞ்சிய பிறகும் மணிக் குவியலுக்குள் 40 மைக்ரோலிட்டர் நீர் எளிதாகத் தங்கும். அதன்மேல் 100 மைக்ரோலிட்டர் மெத்தனால் ஊற்றினால் உங்களிடம் இருப்பது மெத்தனால் அல்ல. 29 விழுக்காடு நீர் கலந்த மெத்தனால். விடுவிக்கும் வலிமையும் குறைந்தது, செறிவும் நீர்த்தது. காரத்தன்மையால் விடுவிக்கும் முறையில், தங்கிய நீர் அமிலமாக இருந்தால் அம்மோனியாவின் ஒரு பகுதியை அது தின்றுவிடும். தீர்வு பொறுமை: திரவத்தை எடுத்த பிறகு குழாயைக் காந்தத்திலேயே அரை நிமிடம் வைத்திருங்கள், சுவரில் வழிந்தது அடியில் சேரட்டும், நுண்முனை பிப்பெட்டால் இன்னொரு முறை உறிஞ்சுங்கள். அதற்காக மணிகளைக் காய்ந்து வெடிக்க விடாதீர்கள். காய்ந்த குவியல் மீண்டும் பிரியாது.

அடுத்து, மொத்தமாக ஊற்றுவதை இரண்டாகப் பிரியுங்கள். 100 மைக்ரோலிட்டர் ஒரே தடவையில் 80 விழுக்காட்டை விடுவிக்கிறது என்றால், மருந்து மணிக்கும் கரைப்பானுக்கும் இடையே சமநிலையில் பங்கிடப்படும் நிலையில், அதையே 50, 50 எனப் பிரித்து ஊற்றினால் முதல் முறை 67, மொத்தம் 89 விழுக்காடு கிடைக்கும். ஒரு சொட்டுக் கரைப்பானும் கூடுதலாகச் செலவாகவில்லை.

இரண்டும் பலிக்காவிட்டால் மூலக்கூறின் அமைப்பைப் பாருங்கள். மணியின் கரு மேக்னடைட், அதாவது இரும்பு ஆக்சைடு. மேலே போர்த்திய சிலிக்கா அல்லது பாலிமர் உறையில் இடைவெளி இருந்தால் இரும்பு வெளியே தலைகாட்டும். டெட்ராசைக்ளின், கேட்டகால் குழுவுள்ள டோபமின், பாஸ்பேட் குழுவுள்ள வளர்சிதைப்பொருள்கள் ஆகியவை இரும்பை இறுகப் பற்றும். மெத்தனாலை எவ்வளவு ஊற்றினாலும் அந்தப் பிடி தளராது. உறையே இல்லாத வெற்று மேக்னடைட் துகளில் அதே மூலக்கூறை ஒட்டவிட்டுப் பாருங்கள். அங்கே பலமாக ஒட்டினால் சந்தேகம் உறுதி. உறை முழுமையான மணிக்கு மாறுவதே வழி.

அறிகுறி: மருந்து சுவர் அலசலில் கிடைக்கிறது, அல்லது ஐந்து குழாயையும் கூட்டினாலும் கணக்கு உதைக்கிறது

குழாய்ச் சுவர் அலசலில் மருந்து கிடைத்தால் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கிறது. கஞ்சாவின் கன்னாபினாய்டுகள் இதற்குப் பேர்போனவை. பிளாஸ்மா இருக்கும்வரை புரதமும் கொழுப்பும் மருந்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். சிறுநீரிலும், கழுவி முடித்த நீர்க் கரைசலிலும் தாங்க ஆளில்லாமல் சுவரில் ஏறும். சோதிப்பது எளிது. ஒரே கரைசலைக் குழாய் குழாயாக மூன்று முறை மாற்றி ஊற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செறிவு இறங்கினால் சுவர்தான். கரைசலில் சிறிது மெத்தனால் எப்போதும் இருக்கும்படி செய்யலாம், கண்ணாடிக்கு மாறலாம்.

சுவரிலும் இல்லையென்றால் ஆவியாக்கலைச் சந்தேகியுங்கள். ஆம்ஃபெட்டமின் போன்ற சிறு காரங்கள் அம்மோனியா கலந்த மெத்தனாலில் விடுவிக்கப்பட்டு நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தப்படும்போது, நீராவியைப் போல அவையும் கிளம்பிவிடும். உலர்த்துவதற்கு முன் மெத்தனாலில் கரைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளி சேர்த்தால் அவை உப்பாக மாறித் தங்கும். மணிகளை முழுவதும் அகற்றிய பிறகே அமிலத்தைச் சேர்க்க வேண்டும்.

பிறகு சிதைவு. எஸ்டர் பிணைப்புள்ள மருந்துகளைப் பிளாஸ்மாவின் எஸ்டரேஸ் நொதிகள் மேசைமேல் காத்திருக்கும்போதே வெட்டும். கொக்கெய்னை அளப்பவர்கள் சோடியம் ஃபுளோரைடு உள்ள குழாயில் இரத்தம் எடுப்பது இதைத் தடுக்கத்தான். கேட்டகாலமின்களின் நிலை இன்னும் சங்கடமானது. போரானிக் அமில மணிகள் அவற்றைப் பிடிப்பது பி.எச். 8 முதல் 8.5 வரையில், அதே காரச் சூழலில்தான் அவை காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக மெட்டாபைசல்பைட்டு சேர்த்து, குளிரில், வேகமாக முடித்து அமிலத்திற்குள் விடுவித்துவிட வேண்டும். இந்த முறையில் நடுவே தேநீர் இடைவேளை எடுக்கக் கூடாது.

அறிகுறி: மணிகள் காந்தத்திடம் வந்து சேரவில்லை, திரவம் கலங்கலாகவே இருக்கிறது

மணியை இழுக்கும் காந்த விசை அதன் கன அளவைப் பொறுத்தது. எதிர்த்து நிற்கும் திரவத்தின் இழுவை அதன் ஆரத்தைப் பொறுத்தது. ஆகவே வேகம் ஆரத்தின் இருமடியோடு போகும். மற்றவை ஒத்திருந்தால் 200 நானோமீட்டர் துகள் 1 மைக்ரோமீட்டர் மணியைவிட 25 மடங்கு மெதுவாக நகரும். நுண்துகள் வாங்கியவர்கள் ஒரு நிமிடத்தில் திரவத்தை எடுத்துவிட்டு மீட்பு குறைகிறது என்று வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மணியையே உறிஞ்சிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சிய திரவத்தைப் புதிய குழாயில் ஊற்றி மறுபடி காந்தத்தில் வைத்துப் பாருங்கள். சுவரில் பழுப்புக் கோடு தெரிந்தால் இதுவேதான்.

பிளாஸ்மா பிசுபிசுப்பானது, நீர்த்தால் வேகம் கூடும். காந்தத்தின் ஈர்ப்பு தூரத்தோடு மிக விரைவாகக் குறைவதால், அகலமான குழாயின் நடுவே மிதக்கும் மணிக்கு காந்தம் இருப்பதே தெரியாது. உருகிய பிளாஸ்மாவில் ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உருவாகும் புரதம்) இழைகள் இருந்தால் அவை மணிகளை வலைபோலச் சுற்றி நிறுத்திவிடும். உறைநிலையிலிருந்து எடுத்த பிளாஸ்மாவை மையவிலக்கியில் சுற்றி, மேலுள்ள தெளிவை மட்டும் எடுப்பதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். நுரை வந்தால் மணிகள் குமிழிச் சுவரில் ஏறி மேலே காய்ந்து ஒட்டும். கலக்கும் வேகத்தைக் குறையுங்கள்.

அறிகுறி: மணிகள் கட்டி கட்டியாகத் திரள்கின்றன

நல்ல மணி காந்தத்தை விலக்கியதும் தன் காந்தத்தன்மையையும் விட்டுவிடும். அப்போதுதான் மீண்டும் பிரிந்து மிதக்கும். மேக்னடைட் படிகங்கள் ஏறத்தாழ 20 முதல் 30 நானோமீட்டருக்குள் இருக்கும்வரைதான் இந்தக் குணம். தூய நீரில், காந்தத்தை ஒருமுறைகூடக் காட்டாத மணிகளே திரண்டிருந்தால் அவை உறைந்தோ உலர்ந்தோ கெட்டிருக்க வேண்டும். நீரில் நன்றாக இருந்து மாதிரியில் மட்டும் திரண்டால், அமிலமோ கரைப்பானோ திரித்த புரதம் மணிகளைப் பசைபோல ஒட்டுகிறது. அமிலத்தைச் சேர்த்துக் கலந்து, மையவிலக்கியில் புரதத்தை நீக்கிய பிறகு மணியை இடுங்கள். லேசான திரட்சிக்கு மீயொலித் தொட்டியில் அரை நிமிடம் போதும். காந்தக் கலக்கித் தண்டை மட்டும் இந்தக் குழாய்களுக்குள் விடாதீர்கள். எல்லா மணியும் அதன்மேல் போய் அப்பிக்கொள்ளும்.

அறிகுறி: ஒரே மாதிரி, குழாய்க்குக் குழாய் வேறு விடை

முடிவுகளைச் செறிவு வரிசையில் அல்ல, மணியை ஊற்றிய வரிசையில் வரைந்து பாருங்கள். என்னுடைய 96 குழித் தட்டு ஒன்றில் முதல் வரிசையிலிருந்து பன்னிரண்டாம் வரிசை வரை விடை சீராக இறங்கியது. அளவுத்திருத்தக் கோட்டுக்கான, தெரிந்த செறிவுள்ள கரைசல்கள் முதல் வரிசைகளிலும் மாதிரிகள் பின்வரிசைகளிலும் இருந்ததால், எல்லா மாதிரியிலும் மருந்து குறைவு என்றே படித்திருப்பேன். காரணம் மணித் தொட்டி. மேக்னடைட்டின் அடர்த்தி நீரைப் போல ஐந்து மடங்குக்கு மேல். தொட்டியில் மணி படிந்துகொண்டே இருக்க, நான் மேல்மட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வரிசைக்கு ஒருமுறை பிப்பெட்டால் ஏற்றி இறக்கிக் கலக்கியதும் சரிவு நின்றது. ஐயமிருந்தால் வெறும் நீரில் மணியைப் பத்துக் குழிகளில் ஊற்றி ஒளி உறிஞ்சலை அளந்து பாருங்கள். மணி சமமாக விழுகிறதா என்பது மருந்தே இல்லாமல் தெரிந்துவிடும்.

அகத்தரப்பொருள், அதாவது ஒப்பிடுவதற்காக எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கும், பெரும்பாலும் ஐசோடோப்பால் குறியிட்ட அதே மருந்து, இந்தப் பிழையை மூடி மறைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துக்கும் அதற்கும் உள்ள விகிதம் அழகாக இருக்கும்போது அகத்தரப்பொருளின் தனிப் பரப்பை யாரும் பார்ப்பதில்லை. அதையும் ஊற்றிய வரிசையில் வரையுங்கள்.

அறிகுறி: விடுவித்த திரவம் மஞ்சள் அல்லது பழுப்பு

மையவிலக்கியில் சுற்றுங்கள். நிறம் அடியில் படிந்தால் அது நுண்மணி. திரவத்தைப் புதிய குழாய்க்கு மாற்றி இரண்டாம் முறை காந்தத்தில் வைத்த பிறகே கருவிக்கு அனுப்புங்கள், இல்லையேல் கருவியின் பிரிப்புக்குழல் அடைத்துக்கொள்ளும். சுற்றியும் மஞ்சள் தெளிவாகவே நின்றால் கரைந்த இரும்பாக இருக்கலாம், மாதிரியின் சொந்த நிறமியாகவும் இருக்கலாம். மாதிரி இல்லாமல் மணியை மட்டும் வைத்து எல்லாப் படியையும் செய்யுங்கள். அந்தத் திரவத்தை அமிலமாக்கி ஒரு துளி தயோசயனேட்டு விடுங்கள். இரத்தச் சிவப்பு வந்தால் ஃபெரிக் இரும்பு. வன்மையான கனிம அமிலத்தை விடுவிப்புக்குப் பயன்படுத்துவதை நிறுத்தி, மணி அமிலத்தில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குங்கள்.

அறிகுறி: மீட்பு நன்று, ஆனால் கருவியில் சிக்னல் அமுங்குகிறது

பிளாஸ்மாவில் முதல் சந்தேகம் பாஸ்போலிப்பிட் என்னும் பாஸ்பேட் சேர்ந்த கொழுப்பு. நிறை-மின்னேற்ற விகிதம் 184இல் வரும் பாஸ்போகோலின் துண்டைத் தொடர்ந்து கவனித்தால், அவை எந்த நிமிடத்தில் இறங்குகின்றன என்பது வரைபடத்தில் மலைபோலத் தெரியும். உங்கள் மருந்து அந்த மலையடிவாரத்தில் இருந்தால் ஒன்று பிரிப்பு நேரத்தை மாற்றுங்கள், அல்லது மின்னேற்ற மணிக்கு மாறித் தூய மெத்தனாலால் கழுவுங்கள். மருந்து மின்னேற்றத்தால் தங்கும், கொழுப்பின் பெரும்பகுதி போய்விடும். 44 அலகு இடைவெளியில் சீப்புப் பல்போல வரிசையாகச் சிகரங்கள் வந்தால் அது பாலிஎத்திலீன் கிளைகால் தொடர். மணிகள் சேமிக்கப்படும் திரவத்தில் பெரும்பாலும் இத்தகைய சோப்புப்பொருள் இருக்கும். பயன்படுத்துமுன் மணிகளை மெத்தனாலிலும் நீரிலும் மும்முறை அலசுங்கள்.

அறிகுறி: மருந்தே சேர்க்காத வெற்று மாதிரியில் மருந்தின் சிகரம்

வெறும் கரைப்பானை இரண்டு முறை செலுத்துங்கள். சிகரம் இரண்டாம் முறை சுருங்கினால் முந்தைய மாதிரியின் எச்சம் ஊசியிலோ குழலிலோ இருக்கிறது. இரண்டிலும் சிகரமே இல்லை, மணி வழியாக வந்த வெற்று மாதிரியில் மட்டும் உண்டு என்றால் மணி, குழாய், கரைப்பான் என ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். அகத்தரப்பொருள் சேர்த்ததில் மட்டும் வந்தால் அதற்குள்ளேயே குறியிடப்படாத மருந்து கலந்திருக்கிறது.

அறிகுறி: தயாரித்த மாதிரிகள் எல்லாம் சரி, நோயாளியின் மாதிரியில் மட்டும் விடை தவறுகிறது

என்னை அதிகம் உறுத்துவது இதுதான், ஏனென்றால் இதை எந்தத் தரக்கட்டுப்பாட்டு மாதிரியும் காட்டிக்கொடுப்பதில்லை. நாம் ஊற்றிய மருந்து சில நிமிடங்களுக்கு முன் பிளாஸ்மாவில் விழுந்தது. நோயாளியின் மருந்து உடலில் மணிக்கணக்காகச் சுற்றிப் புரதத்தோடு உறவாடி வந்தது. அகத்தரப்பொருளை ஊற்றிய உடனே மணியை இட்டால், கட்டற்ற அகத்தரப்பொருள் எளிதில் ஒட்டும், பிணைந்த மருந்து பின்தங்கும், விகிதம் உண்மையைவிடக் குறையும். அகத்தரப்பொருளைச் சேர்த்த பிறகு 5, 15, 30, 60 நிமிடம் காத்திருந்து, நோயாளியின் ஒரே மாதிரியை நான்கு பங்காக அளந்து பாருங்கள். விடை காத்திருக்கும் நேரத்தோடு உயர்ந்தால் இதுவே நோய்.

சிறுநீரில் வேறொரு காரணம் உண்டு. பல மருந்துகளும் ஸ்டீராய்டுகளும், உடல் ஒரு சர்க்கரை அமிலத்தை இணைத்த குளூகுரோனைடாக மாறி வெளியேறுகின்றன. அந்த வடிவம் நீரை நாடும். நீர்வெறுப்பு மணியில் சரியாக ஒட்டாது, ஒட்டினாலும் வேறு நிறையில் போய்விடும். பீட்டா-குளூகுரோனிடேஸ் நொதியால் வெட்டிய பங்கையும் வெட்டாத பங்கையும் அருகருகே அளந்தால் வித்தியாசம் தெரியும்.

மாதிரியின் தோற்றத்தையும் குறித்துவைக்கும் வழக்கம் வேண்டும்: கொழுப்பால் பால்போல வெளுத்ததா, சிவப்பணு சிதைந்து சிவந்ததா, எந்த உறைவெதிர்ப்பானில் எடுத்தது என்று. தவறும் மாதிரிகள் எல்லாம் பால்போன்றவையாக இருந்தால் தேட வேண்டிய இடம் தானே தெரியும். நோயாளி மாதிரிகளில் ஒரு பகுதியை வேறொரு நாளில் மறுபடி பிரித்தெடுத்து அளப்பதையும் முறையில் சேர்த்துவிடுங்கள். மருந்தியல் ஒழுங்குமுறை விதிகளில் குரோமடோகிராபி முறைகளுக்கான எல்லை இது: மறு அளவீடுகளில் மூன்றில் இரண்டு பங்கிலாவது, இரு விடைகளின் வித்தியாசம் அவற்றின் சராசரியில் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டிய மாதிரி எதையும் ஒதுக்கிவிடாமல், அதே மாதிரியில் மேலே சொன்ன ஐந்து குழாய்க் கணக்கை மீண்டும் தொடங்குங்கள்.